சிங்கோரா போய் வந்தது

19-3-1944, ஞாயிறு. சுங்கைப் பட்டாணி

மரவள்ளிக்கிழங்கு மாவில் பிட்டு அவித்தேன். பிட்டு என்று பெயர்தான். குழலிலிருந்து தள்ளினால் பசைபோல வந்து விழுந்தது. இவர் சாப்பிட்டுவிட்டு இரண்டு காலையும் எதிர் நாற்காலியில் தூக்கி வைத்தார். கணுக்கால் வீக்கம் வற்றவில்லை. விரலால் அமுக்கினேன், குழி விழுந்தது. கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோதும் குழி அப்படியே இருந்தது. தீட்டாத அரிசியும் பயறும் சாப்பிட்டால் இறங்கும் என்கிறார் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர். எங்கே கிடைக்கிறது? நெல்லெல்லாம் லாரியில் ஏறி எங்கேயோ போகிறது.

எங்கள் கெடா மாநிலத்தை ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்து ஐந்து மாதமாகிறது. "வீட்டை விட்டு வெளிக்கிடாமலே வெளிநாட்டுக்கு வந்திட்டம் பாரும்" என்று இவர் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். இன்று அதையும் சொல்லவில்லை.

24-3-1944

இன்றும் கிழங்கு.

28-3-1944

இவர் மத்தியானமே ஸ்டேஷனிலிருந்து வந்துவிட்டார். கூடவே மணியம். சரக்குக் கொட்டகையில் கிளார்க், இருபத்தாறு வயது, அடுத்த வரிசை ரயில்வே குவார்ட்டர்ஸ். இவர் நடக்கத் தடுமாறுகிறார் என்று கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"ராசம்மா, பத்து நாள் லீவு தந்திருக்கினம். சிங்கோரா போவமே?" என்றார்.

காதில் பிழையாக விழுந்தது என்று நினைத்தேன். இருபத்தைந்து வருஷம் இந்த ஸ்டேஷன் கவுண்டரில் உட்கார்ந்து எல்லைக்கு அப்பால் ஹாட்யாய்க்கும் சிங்கோராவுக்கும் டிக்கெட் விற்றவர். ஒருநாள் ஏறியதில்லை. கல்யாணமான புதிதில் நான் கேட்டிருக்கிறேன், அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்பார். பிறகு நானும் கேட்பதை விட்டேன். பிள்ளைகள் இல்லாத வீட்டில் ஒவ்வொன்றாக எத்தனையோ கேள்விகள் நின்றுபோகும், அதில் இதுவும் ஒன்று.

அங்கே தீட்டாத அரிசி தாராளமாகக் கிடைக்குமாம். பாஸ்கூட வாங்கி வைத்திருந்தார்.

மணியம் சிரித்தான். "போய்ட்டு வாங்கலா அக்கா. அண்ணன் ஒரு நாளும் லீவு போட்டு நான் பார்த்ததில்ல."

சாயங்காலம் அவன் மனைவி நவமணி வந்தாள். நாலாவது மாதம், முகம் வெளுத்திருக்கிறது. ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "புளிப்பா எதுனாச்சும் கொண்டாங்கக்கா" என்றாள்.

1-4-1944, சனி. ஹாட்யாய் ஸ்டேஷன்

வண்டி ஊர்ந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பட்டாள வண்டிகளுக்கு வழிவிட்டு நின்றது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது. ஜெராய் மலை வெகுநேரம் கூடவே வந்து, ஒரு வளைவில் காணாமல் போனது. பிறகு வயல்கள். அலோர் ஸ்டார் தாண்டியதும் வயலுக்கு நடுவே சுண்ணாம்புப் பாறைகள், யாரோ கொண்டுவந்து வைத்து மறந்துபோனவை மாதிரி. எல்லையில் சோல்ஜர் பாஸைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

இவர் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் போர்டு தெரிவதற்கு முன்பே சொன்னார். டிக்கெட்டில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான பெயர்கள். போர்டு வந்ததும் குழந்தைபோல என்னைப் பார்த்தார், சரிதானே என்று.

தைப்பிங்கில் பிறந்து, கல்யாணமாகிச் சுங்கைப் பட்டாணிக்கு வந்தவள் நான். நாற்பத்தொரு வயதில் எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். பாயில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சயாம்காரர்கள் பேசுவது எல்லாப் பக்கமும் கேட்கிறது. ஒரு சொல்லும் புரியவில்லை. சுகமாக இருக்கிறது.

2-4-1944. சிங்கோரா

காலையில் வேறு சின்ன வண்டி. ஒரு மணி நேரம். இந்த ஊரைச் சயாம்காரர் சொங்க்லா என்கிறார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவில் கையகலத்துக்கு ஊர். எந்தத் தெருவில் நின்றாலும் கோடியில் தண்ணீர் மினுங்குகிறது.

ஏரிக்கரைத் தெருவில் லிஜா என்ற மலாய்க்காரி சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். விதவை. மாடியில் ஓர் அறை தந்தாள். அவளோடு மலாயில் பேச முடிகிறது. ஜப்பான் நோட்டு இங்கே செல்லாது. நான் கொண்டுவந்த இரண்டு சேலையைத் தடவிப் பார்த்து, "இது போதும், எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு" என்றாள். துணிக்கு அவ்வளவு தட்டுப்பாடு.

அவள் வைத்த முதல் தட்டை இருவரும் குனிந்து பார்த்தோம். அரிசிமா நூல்கள், சிக்கெடுத்த முடிபோலச் சுருட்டி வைத்திருந்தது. மேலே தேங்காய்ப்பாலில் மீனைக் கரைத்து மஞ்சளாக ஒரு குழம்பு. பக்கத்தில் பச்சை இலைகள், முளைப்பயறு, அவித்த முட்டை.

"இடியப்பமும் சொதியும்" என்றார் இவர்.

இல்லை. இடியப்பம் இவ்வளவு வழுக்காது, சொதியில் இந்த மூலிகை வாசம் இராது. ஆனாலும் இரண்டாம் தட்டு கேட்டோம். இரண்டு வருஷமாக அரிசி என்றால் என்னவென்று நாக்கு மறந்திருந்தது.

3-4-1944

ஊர் நடுவே குன்று, உச்சியில் வெள்ளைத் தூபி. படிகள் ஏராளம். இவர் பத்துப் படிக்கொரு தரம் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலெல்லாம் ஒரு மரம் நிழல் தந்தது, மரம் முழுக்கக் குரங்கு. இறங்கிப் போவோம் என்றேன். "பாதி வந்தாச்சு" என்றார். பாதி வரவில்லை.

மேலே ஏறி நின்றபோது காற்று சேலையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. கீழே ஊரின் ஓட்டுக் கூரைகள், பழைய மதிலின் மிச்சம், கடலில் பூனையும் எலியும் போல இரண்டு தீவுகள். எங்கும் சத்தமே இல்லை. யுத்தம் என்று ஒன்று நடக்கிறதா என்று நினைத்தேன். இவர் என் கையைப் பிடித்திருந்தார். வெளியே, பகலில், மற்றவர்கள் பார்க்க. கடைசியாக எப்போது பிடித்தார் என்று யோசித்தேன், நினைவு வரவில்லை.

4-4-1944

ஒன்றும் செய்யவில்லை. படித்துறையில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தோம். சோற்றோடு துருவி வறுத்த தேங்காய், புளிப்பான பம்பளிமாஸ் சுளை, நறுக்கிய எலுமிச்சை இலை எல்லாம் போட்டுப் பிசைந்து தந்தாள் லிஜா. தீட்டாத அரிசி. இவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

5-4-1944

படகில் அக்கரை போனோம். முன்னூறு வருஷத்துக்கு முன் ஒரு சுல்தான் அங்கே கோட்டை கட்டி ஆண்டாராம். இப்போது மலைச் சரிவில் கல் மதில்கள் மட்டும், கொடி படர்ந்து. ஆட்டுக்குட்டி ஒன்று பீரங்கி மேடையில் ஏறி நின்றது. கல்லைத் தொட்டேன், வெயிலில் சூடாக இருந்தது. சயாம் படை வந்து எரித்துவிட்டதாம். மலாய் பேசிய படகுக்காரன் அதை நேற்று நடந்ததுபோலச் சொன்னான்.

பிறகு மாட்டு வண்டியில் உள்ளே கொஞ்ச தூரம். அங்கேதான் பார்த்தேன்: பனை. வயல் வரப்பெல்லாம், கண்ணுக்கு எட்டியவரை. நான் பனையை இப்படி முன்பு பார்த்ததில்லை. இவர் பிறந்த யாழ்ப்பாணத்திலிருந்து மாமி அனுப்பும் பார்சலில் காயவைத்த பனங்கிழங்கு ஒடியலும் பனங்கட்டியும் வரும், அந்த அளவுக்குத்தான் பழக்கம். இவ்வளவு உயரமாக, இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று தெரியாது. ஓலைகள் காற்றில் உரசுவது மழை வருவதுபோல இருக்கிறது.

இவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு மரத்தைச் சுற்றி வந்தார். நுங்கு வெட்டித் தந்தார்கள். விரலால் குத்தி எடுத்து உறிஞ்சக் காட்டித் தந்தார், என் மூக்கில் தண்ணீர் தெறித்தது. அவர் சிரித்த சிரிப்பில் வண்டிக்காரனும் சிரித்தான்.

"இனி எனக்கொண்டும் வேண்டாம்" என்றார் திரும்பும்போது. படகில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னார்?

7-4-1944

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

இவருடைய கோட்டைத் தோய்க்க எடுத்தேன். உட்பையில் கடிதம். இங்கிலீஷில் டைப் அடித்தது, மேலே ஜப்பான் முத்திரை. ஏப்ரல் பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். சயாம் மேல் லைனில் டிக்கெட் கிளார்க் வேலை. போர்வை ஒன்று, தட்டு ஒன்று, மாற்றுடை இரண்டு.

மேல் லைன். காட்டுக்குள்ளால் பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை. சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து போன வருஷம் அறுபது பேர் போனார்கள். நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவரைச் சந்தையில் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது.

அப்ப இது லீவு இல்லை. ஊர் பார்க்க வந்ததும் இல்லை. எனக்குச் சொல்லாமலே என்னிடம் விடைபெற்றுக்கொண்டிருக்கிறார் மனுசன்.

படித்துறையில் இருந்தார். கடிதத்தை மடியில் போட்டேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லியிருந்தால் நீர் இதொண்டையும் வடிவாப் பாத்திருப்பீரே? ஊருக்கெல்லாம் டிக்கெட் வித்தன். உம்மை ஒருக்காலும் கூட்டிக்கொண்டு வரேல்லை. அப்பிடியே போயிடுவனோ எண்டு பயந்திட்டன்."

நான் அழவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்த மலை, அந்தப் பனை, என் கையைப் பிடித்தது, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டது போல. இந்தக் காலோட அங்க போனா ஒரு மாசம் தாங்குவாரோ? மாட்டார்.

8-4-1944

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். லிஜா கூட வந்தாள். டாக்டர் சயாம்காரர், பினாங்கில் படித்தவர், இங்கிலீஷ் பேசினார். காலை அமுக்கினார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், திரும்பவும் கேட்டார். இதயம் வீங்கியிருக்கிறதாம். வார்டில் ஒரு மாதமாவது படுக்க வேண்டுமாம்.

"சுங்கைப் பட்டாணி இப்போது சயாம்தானே டாக்டர்? உங்கள் அரசாங்க முத்திரை அங்கேயும் செல்லுமல்லவா?" என்று கேட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

அவர் பேனாவை எடுத்தார். இவர் வேலைக்கு வர முடியாது என்று இரண்டு மொழியில் எழுதிப் பெரிய சிவப்பு முத்திரை குத்திக் கொடுத்தார்.

அதைச் சுங்கைப் பட்டாணி ஆபீஸுக்குத் தபாலில் சேர்க்கப் போகும்போது இவர் கட்டிலில் இருந்தபடி என் கையைப் பிடித்தார். "ராசம்மா, ஸ்டேஷனுக்கு ஒரு ஆள் எண்டு கணக்குக் கேட்டிருக்கினம். நான் போகாட்டி வேற ஆரையும் அனுப்புவினம்."

"அனுப்பட்டும்" என்றேன்.

நான்தான் சொன்னேன். இங்கே எழுதி வைக்கிறேன்.

10-4-1944

காலை எட்டு மணி. வார்டில் கஞ்சி கொடுத்தார்கள். இவர் குடித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

22-4-1944

கணுக்கால் வீக்கம் இறங்கிவிட்டது. தவிடும் பயறும் கலந்த கஞ்சி செய்த வேலை. பகலில் நான் லிஜாவுக்கு மீன் ஆய்ந்து கொடுக்கிறேன். சாயங்காலம் தனியாகக் கடற்கரை போனேன். சவுக்கு மரங்கள், வெள்ளை மணல், தூரத்தில் பாய்மரப் படகு ஒன்று நகராமல் நின்றது. அது நகரும்வரை போகக் கூடாது என்று எனக்குள் பந்தயம் கட்டிக்கொண்டேன். இருட்டத் தொடங்கும்வரை நகரவில்லை. இவ்வளவு சந்தோஷமாக இருப்பது குற்றமா என்று கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

14-5-1944. சுங்கைப் பட்டாணி

வந்து சேர்ந்தோம். ஒரு மூட்டை தீட்டாத அரிசி, பயறு, நவமணிக்குக் கொடுக்காப்புளியும் உப்பு மாங்காயும்.

அவளுடைய கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். திறந்து என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"அவரு இல்லக்கா. போன மாசம் பன்னண்டாந்தேதி மேல் லைனுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க."

மாங்காயை வாங்கி உள்ளே வைத்தாள். நன்றி என்றுகூடச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இரவு சமைத்த சோற்றை இருவரும் தொடவில்லை. தீட்டாத அரிசிச் சோறு.

15-5-1944

மூட்டையில் பாதியை நவமணி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

30-5-1944

சயாம் டாக்டரின் கடிதத்தை ஆபீஸில் ஏற்றுக்கொண்டார்கள். இவர் திரும்பவும் கவுண்டரில் உட்காருகிறார். வடக்கே போகிறவர்களுக்கு முகத்தைப் பார்க்காமலே டிக்கெட் கொடுக்கிறாராம்.

சிங்கோராவைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. பக்கத்து வீட்டு மனோகரி, "அங்க என்னெல்லாம் பாத்தனீங்கள்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிதான் என்றேன்.

3-9-1944

நவமணிக்குப் பெண் குழந்தை. நான்தான் வெந்நீர் வைத்தேன். மருத்துவச்சி மருதம்மாள் குழந்தையை முதலில் என் கையில் தந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. என்னால் திருப்பிப் பார்க்க முடியவில்லை.

11-2-1945

இன்று சொல்லிவிட்டேன். எத்தனை மாதம் வாய்வரை வந்து திரும்பியது. வீட்டுக்குப் பின்னால் நவமணியும் நானும் மரவள்ளிக் குச்சி நட்டுக்கொண்டிருந்தோம்.

"நவமணி, அந்தக் கடிதம் மணியத்துக்கு வந்ததில்லை. எங்கட இவருக்கு வந்தது."

அவள் மண்வெட்டியை நிறுத்தவில்லை. "தெரியுங்கக்கா. ஆபீஸ்ல யாரு பேருக்குப் பதிலான்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாராம். சொன்னாங்களாம்."

"தெரிஞ்சுமா என்னோட கதைச்சுக்கொண்டிருந்தனீர்?"

"மொதல்ல உங்க வீட்டுப் பக்கமே திரும்பக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீங்க அரிசி கொண்டாந்து வச்சீங்க. வயித்துல புள்ளைய வச்சிகிட்டு என்னா செய்றது, எடுத்துகிட்டேன்."

மீதியையும் சொன்னேன். "வேற ஆரையும் அனுப்பட்டும் எண்டு சொன்னது அவரில்லை. நான்."

அப்போது மண்வெட்டி நின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

15-2-1945

நாலு நாளாக அவள் வரவில்லை. இவர், "சொன்னது நல்லதுதான்" என்கிறார். எனக்குத் தெரியவில்லை.

16-2-1945

காலையில் பின்கதவு திறந்தது. நவமணி குழந்தையை என் மடியில் இருத்திவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"என் புருசனுக்குக் கால் வீங்கியிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. போய்ப் பாத்தியில் இறங்கிவிட்டாள்.

4-9-1945

பினாங்கில் இங்கிலீஷ்காரன் வந்து இறங்கிவிட்டானாம். ஊரெல்லாம் கொண்டாட்டம். நவமணி குழந்தைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப வண்டி விடுவாங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

21-10-1945

வடக்கிலிருந்து வாரத்துக்கு இரண்டு வண்டி. இறங்குகிறவர்களை இவர் ஒவ்வொருவராகப் பார்க்கிறார். நவமணி பிளாட்பாரத்துக்குப் போவதில்லை. இவர் திரும்பி வரும் நடையைப் பார்த்தே தெரிந்துகொள்கிறாள்.

15-11-1945

மணியம் வந்துவிட்டான்.

இவர் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு வந்தார். யார் யாரைத் தாங்குகிறார் என்று தெரியவில்லை. நவமணி வாசலில் நின்றாள், நகரவில்லை. குழந்தை யாரென்று தெரியாமல் அழுதது. அவன் அதன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பாயில் சுருண்டான்.

18-11-1945, ஞாயிறு

இன்று கஞ்சி எடுத்துக்கொண்டு போனோம். மணியம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டு வயதுப் பையன், தலையில் முக்கால்வாசி நரை. இவர் எதிரே உட்கார்ந்தார். "தம்பி, அந்தக் கடிதம்..." என்று தொடங்கினார்.

"விடுங்கண்ணே" என்றான் மணியம். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அக்கா, சிங்கோராவுல ரெண்டு பேரும் ஊரெல்லாம் சுத்திப் பார்த்தீங்களாமே. நவமணி சொன்னா."

நவமணிக்கு நான் சிங்கோராவைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. இவர்தான் சொல்லியிருக்க வேண்டும். இவரைப் பார்த்தேன், தலையைக் குனிந்துகொண்டார்.

"நாங்களும் ஹாட்யாய் வழியாத்தான் போனோம். சரக்கு வண்டி, கதவ வெளிய பூட்டிட்டாங்க. ஒண்ணும் தெரியல. கடல் பக்கத்துல வருதுன்னு ஒருத்தன் சொன்னான், அவ்வளோதான்." கண்ணை மூடிக்கொண்டான். "எப்படி இருந்துச்சு? சொல்லுங்கக்கா."

இதைவிட அவன் என்னைத் திட்டியிருக்கலாம். நவமணி குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்கக்கா, நானும் கேட்கணும்" என்றாள்.

சொன்னேன். எந்தத் தெருவில் நின்றாலும் கோடியில் தண்ணீர் தெரிவதைச் சொன்னேன். குன்றுப் படிகளையும் குரங்குகளையும், கோட்டைக் கல்லின் சூட்டையும், நகராமல் நின்ற பாய்மரப் படகையும். மணியம் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

லிஜா கடைக்கு வந்தேன். தட்டில் சுருட்டி வைத்த வெள்ளை நூல்கள், மேலே தேங்காய்ப்பாலில் மீன் குழம்பு என்று தொடங்கியதும் அவன் கண்ணைத் திறந்தான்.

"அத மெதுவாச் சொல்லுங்கக்கா" என்றான்.